ஐந்தாவது கால்

புக்கிட் பாஞ்சாங் நூலகத்தில்
ஒரு நடைக்கு எட்டுத் தமிழ்ப் புத்தகம் எடுப்போம்.
ஏழு, நல்ல பிள்ளைகளுக்கு.
எட்டாவதுதான் இந்த யானை.

பெயர் குண்டுமல்லி.
கால்சட்டை வாங்கக் கடைக்குப் போகிறாள்.
பன்னிரண்டு பக்கத்தில் ஒன்பது முறை விழுகிறாள்.
எந்தக் கால்சட்டையும் சேரவில்லை.
கதை அவ்வளவுதான்.
அட்டையில் விருது கிருது எதுவும் இல்லை.

முதல் நாள்
"குண்டுமல்லி வழுக்கி விழுந்தாள்" என்று
வானிலை அறிக்கை மாதிரி வாசித்தேன்.
எழிலி என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து
தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாள்.
"இப்ப வாசி."

அதற்குப் பிறகுதான் வந்தது,
பல் மருந்தகத்தில் நாள் முழுக்க
"வாயை நல்லாத் திறங்க" என்பதைத் தவிர
வேறெதுவும் சொல்லாத என் வாயிலிருந்து:
தொபுக்கடீர்!

ஆதனுக்கு இரண்டு வயது.
அம்மா, பால், நோ
என்று மூன்று சொல்லில் குடித்தனம் நடத்துபவன்
நான்காவதைச் சேர்த்துக்கொண்டான்.
"தொபுக்!"
சொன்னதோடு விடாமல் சோபாவிலிருந்து
குதித்தும் காட்டினான்.
பின்னாலேயே அக்கா.

ஒன்பது விழுதல், இரண்டு பிள்ளைகள்,
நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.
அதற்குமேல் "மறுபடி" என்றொரு சொல்
இந்தத் தமிழில் இருந்து தொலைக்கிறதே.

பக்கம் திரும்பும் முன்பே
சிரிப்பு வந்து காத்துக்கொண்டு நிற்கும்.
நான் தாளின் ஓரத்தை மட்டும் தூக்குவேன்,
கீழே வைப்பேன்,
மூக்கைச் சொறிவேன்,
தண்ணீர் குடிக்கப் போவதாக எழுந்திருப்பேன்.
என் சட்டையைப் பிடித்து இழுத்து
உட்கார வைக்கும் நான்கு கைகள்.

புதன்கிழமை, இரவு ஒன்பதரை.
கதவைத் தட்டினார்
பத்தாவது மாடி அங்கிள் சியாக்.
அரைக்கால்சட்டை. கையில் விளக்குமாறு.
அதன் கட்டையால் மூன்று நாளாகத்
தன் கூரையை இடித்துப் பார்த்தாராம்.
நாங்கள் அதை
யானைக்கு யாரோ போடும் தாளம் என்றல்லவா
ரசித்துக்கொண்டிருந்தோம்!

"சாரி அங்கிள்" என்று நான் தொடங்குவதற்குள்
இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே
புத்தகத்தை நீட்டிவிட்டாள் எழிலி,
குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பதுபோல.
நாங்கள் இல்லை. இவள்தான்.

வாங்கினார்.
நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.
சிரிக்கவில்லை.
ஒன்பதாம் பக்கத்தில் நின்றார்.
விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ கணக்கு.
பிறகு நிமிர்ந்து,
மின்கட்டணத்தில் தவறு கண்டவர் குரலில்
ஆங்கிலத்தில் சொன்னார்:
"இந்த யானைக்கு ஐந்து கால்."

நாற்பது முறையாவது வாசித்திருப்பேன்.
நான் எழுத்தைப் பார்த்தேன்,
பிள்ளைகள் விழுவதைப் பார்த்தார்கள்.
காலை யார் எண்ணினோம்?

வாலாக இருக்கும் என்றேன்.
வால் அந்தப் பக்கம் இருந்தது.
தும்பிக்கை என்றாள் எழிலி.
அதில் பலூன் கட்டியிருந்தது.
கதவைத் திறந்து நால்வரும் வாசலில் குனிந்து
தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.
எல்ஆர்டி ஒன்று வந்து, போய்,
இன்னொன்றும் வந்தது.

"அதான்மா," என்றாள் எழிலி.
"அதான் ஒரு கால்சட்டையும் சேரல!"

மொழிபெயர்த்துச் சொன்னேன்.
அங்கிள் சியாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
முதலில் தோள் குலுங்கியது,
அப்புறம் வயிறு,
அப்புறம் விளக்குமாறு கைநழுவி
பதினோராவது மாடி நடைபாதையில் விழுந்தது.
"தொபுக்," என்றான் ஆதன்,
அறிவிப்பது தன் உத்தியோகம் என்பதுபோல.

இப்போது மின்தூக்கியில் பார்த்தால்
அவர் பேசுவதில்லை. ஐந்து விரலைக் காட்டுவார்.
எழிலி எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.
எழிலி துளைக்குள் போட்டாள்.
ஆதன் ஓடிப்போய் அதில் காதை வைத்தான்.
உள்ளே ஏதோ ஒரு பட்டை
குண்டுமல்லியைச் சத்தமே இல்லாமல்
இழுத்துக்கொண்டு போனது.
"நோ," என்றான்.
உதடு பிதுங்கத் தொடங்கியது.

பின்னால் வரிசையில் ஆறு பேர்.
அமைதி காக்கச் சொல்லும் அறிவிப்பு
தலைக்கு நேர் மேலே.

வாயை நல்லாத் திறந்து
சொன்னேன்.